பேச்சுத்துணைக்குக் கிளியா?

பிள்ளைகள் பிரான்சில், பேச்சுத்துணைக்கு ஒரு கிளி வளர்க்கலாமா என்று என் வயதுக்காரர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் ஐயா!

நம்மூர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "எத்தனையோ பேர் வளர்க்கிறார்களே" என்பீர்கள். மரப்பொந்திலிருந்து குஞ்சைத் திருடுபவனுக்கு நாம் கொடுக்கும் காசுதானே கூலி?

"அழகாய்ப் பேசுமே!" கூட்டமாய்ப் பறந்து, தன் இனத்தோடு ஓயாமல் கத்தும் பறவை அது. கூண்டில் துணையில்லாமல் நம் குரலைப் பிடித்துக்கொள்கிறது. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில், பொருள் தெரியாமல் ஒப்பிப்பவனைப் 'பெரோக்கே' என்பார்கள். கிளி என்று அர்த்தம். அந்த ஒப்பிப்பா பேச்சுத்துணை?

நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 ஆண்டுக்கு மேலும் இருக்கும். எழுபதைத் தாண்டிய நமக்குப் பிறகு அதை யார் பார்ப்பது? நம் தனிமைக்கு மருந்தென்று இன்னொரு உயிரைத் தனிமையில் அடைப்பது எந்த ஊர் நியாயம்?