பெயர்ப் பலகையும் பட்டாவும்

2025 ஏப்ரல் 29 அன்று தமிழகச் சட்டப்பேரவையில் முதல்வர் மு.க. ஸ்டாலின் ஓர் அறிவிப்பைச் செய்தார். தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்ட ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்பது அந்த அறிவிப்பு. தெருக்களுக்கும் குடியிருப்புகளுக்கும் உள்ள சாதிப் பெயர்களை மாற்றுவதற்கான அரசாணை அக்டோபரில் வந்தது. இதற்கு முன்பே கேரளத்தில் அமைச்சராக இருந்த கே. ராதாகிருஷ்ணன், 2024 ஜூனில் பதவி விலகும் முன்பு, தலித், பழங்குடிக் குடியிருப்புகளைக் காலனி என்று குறிப்பிடக் கூடாது என்ற உத்தரவில் கையெழுத்திட்டிருந்தார்.

இந்த முடிவை நாம் முழு மனதோடு வரவேற்கிறோம். ‘ஊர்த்தெருவா, காலனியா?’ என்ற கேள்விக்கு என்ன பொருள் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். சாதியைக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் கேட்கும் கேள்வி அது. பள்ளிக்கூடத்தில் முகவரி சொல்லும் பிள்ளை, வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞர், வாடகைக்கு வீடு தேடும் குடும்பம் என எத்தனையோ பேர் அந்த ஒரு சொல்லுக்காகக் குரலைத் தாழ்த்தியிருக்கிறார்கள். அது ஒழியட்டும்.

ஆனால் இப்படி ஒரு சொல் கறைபடுவதும், அதை விலக்கிவிட்டு வேறொரு சொல்லைக் கொண்டுவருவதும் நம் மண்ணில் முதல்முறையாக நடப்பதல்ல. காஞ்சிபுரத்திலிருந்து எழுதுகிற நமக்கு அதைச் சொல்லும் கடமை கூடுதலாகவே இருக்கிறது. இந்த வரலாற்றின் முக்கியமான சான்றுகள் நம் மாவட்டத்தின் கல்லிலும் செம்பிலும்தான் இருக்கின்றன.

முதலில் காலனியின் கதையைப் பார்ப்போம். லத்தீன் மொழியில் ‘கொலேரே’ என்றால் உழுது பயிரிடுவது, ஓரிடத்தில் நிலைத்து வாழ்வது, தெய்வத்தைப் போற்றுவது. உழுகிறவன் ‘கொலோனுஸ்’. அவன் குடியேறிய இடம் ‘கொலோனியா’. ரோமானியர்கள் தாங்கள் வென்ற நாடுகளில் தம் குடிமக்களையும் ஓய்வுபெற்ற படைவீரர்களையும் நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். அத்தகைய ஊர்களுக்குக் கொலோனியா என்பது மதிப்பான பட்டம். பொ.ஆ. 50இல் அந்தத் தகுதியைப் பெற்ற ஜெர்மானிய நகரம் கொலோன் என்று இன்றும் அதையே தன் பெயராக வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் லிங்கன் நகரப் பெயரின் பின்பாதியும் அந்தச் சொல்தான்.

அதே ரோமில், அதே உழவனின் நிலை பிற்காலத்தில் தலைகீழானது. பேரரசின் கடைசி நூற்றாண்டுகளில் கொலோனுஸ் என்பவன் பண்ணை நிலத்தோடு கட்டப்பட்ட குத்தகை உழவன். தப்பி ஓட நினைக்கும் கொலோனுஸ்களுக்கு விலங்கு பூட்டலாம் என்று 332இல் பேரரசன் கான்ஸ்டன்டைன் சட்டம் போட்டான். சொல் ஓர் எழுத்தும் மாறவில்லை. நிலம் அவன் கையிலிருந்து போனது. சொல்லின் மதிப்பும் போனது.

பிறகு அது ஐரோப்பியர்களின் கப்பலேறி உலகைச் சுற்றியது. கடல் கடந்து பிடித்த நாடுகளெல்லாம் காலனிகள் ஆயின. இந்தியாவே ஒரு காலனி ஆனது. இலங்கையில் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் ‘கொலனி’ என்பது அரசே குடியேற்றிய உழவர்களின் ஊர். கிழக்கிலங்கைத் தமிழருக்கு அந்தச் சொல்லோடு வேறொரு நிலப் பிரச்சினையின் நினைவு ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டிலோ வெள்ளைக்கார நிர்வாகமும் ரயில்வேயும் தம் பணியாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள் காலனி எனப்பட்டன. விடுதலைக்குப் பிறகு அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகளும் அந்தப் பெயரைப் பெற்றன: ஹரிஜன் காலனி, ஆதிதிராவிடர் காலனி, அம்பேத்கர் காலனி, இந்திரா காலனி. ‘சேரி’ என்ற சொல்லைத் தவிர்க்க வந்த நாகரிகச் சொல்லாகத்தான் காலனி நம் கிராமங்களுக்குள் நுழைந்தது. இதை மறந்துவிட்டால் நாளைக்கு வரப்போகும் சொல்லின் கதியும் நமக்குப் புரியாது.

அந்தச் சேரியின் கதைக்கு நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. நம் மாவட்டத்து உத்திரமேரூருக்குப் போனால் போதும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளை உலகமே அறியும். ஊராட்சியின் பழம்பெருமையைப் பேசும் எந்த மேடையிலும் அவற்றைச் சொல்லாமல் விடுவதில்லை. அந்த ஊர் 30 குடும்புகளாகவும் 12 சேரிகளாகவும் பிரிந்திருந்தது என்று அவை சொல்கின்றன. அங்கே சேரியில் வாழ்ந்தவர்கள் யார்? சொந்த நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் இருந்தால் மட்டுமே வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் தகுதி பெற்ற பிராமணர்கள். சதுர்வேதிமங்கலம் என்னும் பிராமணர் ஊரின் வசதியான வீதிகள்தான் அந்தச் சேரிகள்.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று நம் நகரத்தைக் கச்சிப்பேடு என்று குறிப்பிடுகிறது. சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் அது, ஊரகத்துப் பெருமாள் கோயிலுக்கான நிவந்தங்களைப் பற்றியது. அதில் நகரத்தின் நான்கு பகுதிகள் பெயரோடு வருகின்றன: கருவுளான்பாடி, கஞ்சகப்பாடி, அதிமானப்பாடி, எற்றுவழிச்சேரி. இவை நெசவாளர்களோடு தொடர்புடைய பகுதிகள். கோயில் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு பட்டசாலிகள் எனப்பட்ட நெசவாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு சேரியின் பெயர் அரசனின் செப்பேட்டில் மரியாதையோடு பொறிக்கப்பட்ட காலம் அது. சேர்ந்து வாழும் இடம் சேரி என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு ஒரு களங்கமும் இல்லை. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வெளியே கோவலனும் கண்ணகியும் தங்கிய இடத்தைச் சொல்லும் காதைக்கே புறஞ்சேரி இறுத்த காதை என்றுதான் பெயர்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்குப் பிறகு ஒரு நூறாண்டு. முதலாம் ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி நீக்கிய இடங்களைப் பட்டியலிடுகின்றன. அங்கே கம்மாணசேரி, ஈழச்சேரி இவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வந்துவிடுகின்றன. சுடுகாடும் இரண்டு: வெள்ளான் சுடுகாடு, பறைச்சுடுகாடு. அந்தக் கல்லில் உள்ள பிரிவினை இன்றும் நம் கிராமங்களில் அப்படியே இருக்கிறது. ஒரு சொல் எப்போது வசையாகத் திரிந்தது என்று தேடுகிறவர்கள் அகராதியைப் புரட்டுவதோடு இந்த நில விவரத்தையும் படிக்க வேண்டும்.

காஞ்சிபுரத்து நெசவாளர் வீதி ஏன் வசைச்சொல் ஆகவில்லை? நெசவாளருக்கும் சமூகத்தில் ஏற்றத்தாழ்வுகள் இருந்தன. வீதியில் தண்டிகை ஏறிப்போகவும் சங்கு ஊதிக்கொள்ளவும் அவர்கள் உரிமை பெற வேண்டியிருந்தது. விஜயநகரக் காலத்தில் வேறு ஊர்களின் கைக்கோளர்கள், காஞ்சிபுரத்துக் கைக்கோளர்களுக்கு உள்ள அதே உரிமை தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டுப் பெற்றதைக் கல்வெட்டுகள் பதிவு செய்திருக்கின்றன. இவர்களிடம் தறி இருந்தது, சரக்கு இருந்தது, கோயில் கணக்கில் கை இருந்தது. பிள்ளையார்பாளையத்தில் இன்று தறிச்சத்தம் கேட்கிற வீதிகளின் பெயரைச் சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை என்றால் அதற்கு அந்த நெடுங்கால உரிமைகள் காரணம். உழவுத் தொழிலில் இருந்த இன்னொரு மக்கள் கூட்டத்துக்கு உழுத நிலத்திலும் குடியிருந்த மனையிலும் உரிமை மறுக்கப்பட்டது. அவர்களின் சேரி இழிவுச்சொல் ஆனது.

இதை ஒரு வெள்ளைக்கார அதிகாரியே எழுதி வைத்தார். காஞ்சிபுரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தின் தாலுகா. அந்த மாவட்டத்தின் கலெக்டராகப் பணியாற்றிய ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். பறைச்சேரி மனைகளுக்கும் மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினார்கள். சொன்ன வேலைக்கு வராத படியாளைக் குடிசையிலிருந்து வெளியேற்றிவிடுவோம் என்று மிரட்டியே அடக்கி வைத்தார்கள். வீட்டுமனையும் விளைநிலமும் கொடுத்தால் ஒழிய இவர்கள் தலைநிமிர முடியாது என்பதுதான் ட்ரெமென்ஹீர் எழுதியதன் சாரம். 1892இல் நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று பேசுவது அதைத்தான்.

அந்த நிலத்தில் பெரும்பகுதி கைமாறிப் போனது. அதை மீட்கக் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதிலையும் இந்த மாவட்டமே கண்டது. 1994 அக்டோபரில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்த காரணைப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் பலியானார்கள்.

நிலம் வந்து சேரவில்லை. பெயர்கள் மட்டும் மாறிக்கொண்டே வந்தன. 1922இல் தலித் தலைவர் எம்.சி. ராஜாவின் முயற்சியால் ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசு ஏட்டில் ஏறியது. அது அந்த மக்கள் தாங்களே கேட்டுப் பெற்ற பெயர். 1930களில் காந்தி ஹரிஜன் என்ற பெயரைப் பரப்பினார். அது அவர்களைக் கேட்காமல் வந்த பெயர். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. 1982இல் மத்திய அரசே சாதிச் சான்றிதழ்களில் அந்தச் சொல்லை எழுத வேண்டாம் என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. இடப்பெயரிலும் இதே வரிசைதான்: சேரி போய்க் காலனி வந்தது, காலனி போய் நகர் வரும். ஊருக்கும் அந்த நகருக்கும் நடுவில் அதே களத்துமேடும் அதே ஓடையும் கிடந்தால், ‘நகர்’ என்று அழுத்திச் சொல்லும் தொனியிலேயே சாதி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சொல்லில் பிழை இல்லை என்பதற்குச் சென்னையே சாட்சி. வேளச்சேரியில் ஏ.ஜி.எஸ். காலனி என்று ஒரு பகுதி இருக்கிறது. சேரியும் உண்டு, காலனியும் உண்டு. அந்த முகவரியை எழுத யாருடைய கையும் தயங்குவதில்லை. அங்கே ஒரு மனை வாங்க நடுத்தரக் குடும்பம் வாழ்நாள் சேமிப்பைச் செலவழிக்க வேண்டும். மு. கருணாநிதியின் இல்லம் ஒன்று சி.ஐ.டி. காலனியில் இருந்தது. புதுச்சேரி ஒரு மாநிலத்துக்கே நிகரான நிலப்பகுதியின் பெயர். வீட்டுக்குப் பத்திரமும் தெருவுக்குச் சாலையும் குழாய்க்குத் தண்ணீரும் இருக்கும் இடத்தில் இந்தச் சொற்கள் கௌரவமாகவே வாழ்கின்றன. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. சிக்கல் சொல்லில் இல்லை; தனித் தொட்டி, தனித் தெரு, தனி வாழ்வு என்ற ஏற்பாட்டில் இருக்கிறது.

ஆகவே பெயர் மாற்றம் வேண்டாம் என்பதா நம் வாதம்? ஒருக்காலும் இல்லை. ஒரு சொல் ஒரு குழந்தையைக் குறுகச் செய்கிறது என்றால் அது போக வேண்டும். நிலம் கிடைக்கும்வரை வசையும் இருக்கட்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பெயரை மாற்றும் கை அத்துடன் ஓய்ந்துவிடக் கூடாது என்பதே நம் கவலை. தொகுப்பு வீடுகளைத் தனியே கட்டாமல் கலந்து கட்டிப் பார்த்த அனுபவமும் நமக்கு உண்டு. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் 40 தலித்துகளுக்கு, மீதி மற்றச் சாதியினருக்கு. எல்லோருக்கும் ஒரே தெரு, ஒரே சமுதாயக் கூடம். குறைகள் எத்தனை இருந்தாலும் அந்தத் திட்டம் கை வைத்தது நிலத்தின் அமைப்பில். அதுதான் சரியான இடம்.

அரசுக்கு நம் கோரிக்கைகள் இவை. காலனி என்ற பெயரை நீக்கும் ஒவ்வொரு குடியிருப்பிலும் பட்டா இல்லாத வீடுகளைக் கணக்கெடுத்து, பெயர்ப் பலகை நடும்போதே பட்டாவையும் கொடுங்கள். புதுப் பெயரை அங்கே வாழ்கிறவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அதிகாரி நீட்டும் பூக்களின் பெயர்ப் பட்டியல் அவர்களுக்குத் தேவையில்லை. அம்பேத்கர், அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன் பெயர்களை அவர்கள் கேட்டால் தயக்கமின்றிக் கொடுங்கள். புதிய தொகுப்பு வீடுகளை ஊரை ஒட்டியும் ஊருக்குள்ளும் கட்டுங்கள். ஊருக்கு ஒரே சுடுகாடு என்பதை அறிவிப்பாக விடாமல் நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். பஞ்சமி நிலங்கள் இன்று யார் கையில் இருக்கின்றன என்பதைக் கிராமவாரியாக வெளியிடுங்கள். ட்ரெமென்ஹீர் அறிக்கை எழுதிய இந்த மண்ணிலிருந்தே அதைத் தொடங்குங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊர்ச் சபைக்குப் போய், பெயர் மாற்றத் தீர்மானத்தோடு பட்டா, பொதுக் குடிநீர், பொதுச் சுடுகாடு ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அதற்காகப் பெயர் மாற்றப்படும் தெருவின் மக்கள் மட்டுமே எழுந்து பேச வேண்டிய நிலை வரக் கூடாது. ஊர்த்தெருவில் இருப்பவர்கள் முதலில் எழுந்து பேசுங்கள்.