முகம் மாறிய வெசலும் ராத்தாவின் பத்துப் பேர்ச்சும்



சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்காக அக்குறணைக்குப் போயிருந்தேன். முற்றத்தில் இரண்டு வெசல் வாகனங்கள் பக்கத்துப் பக்கமாக நின்றன. ஒன்று எங்கள் ராத்தா வீட்டாருடையது, 2014ஆம் ஆண்டுத் தயாரிப்பு. மற்றது மச்சானின் கூட்டாளி ஒருவர் அண்மையில் ஜப்பானிலிருந்து எடுப்பித்த புதிய வடிவம். சஹன் வைத்துக் கூப்பிட்ட பிறகும் ஆண்கள் அந்த இரண்டையும் விட்டு அசையவில்லை. பழசின் முகத்தில்தான் மிடுக்கு இருக்கிறது என்றார் ஒருவர். புதியதில் முன்பக்கக் கிரில்லும் வாகனத்தின் நிறத்திலேயே இருக்கிறதல்லவா, அதைக் காட்டி, முகத்துக்கு மூடி போட்டது போல இருக்கிறது என்றார் இன்னொருவர். சொந்தக்காரர் விடவில்லை. பின்னால் வந்து பாருங்கள், ஹரியரேதான் என்றார்.

இது நமக்கு வேண்டாத கதை என்று நான் உள்ளே போய்விட்டேன். ராத்தா என்னைச் சமையலறைப் பக்கமாகக் கூட்டிப்போனாள்.

"தங்கச்சி, அவருக்கு அந்தப் புதுசு வேணுமாம். பழசை வித்து, மிச்சத்துக்கு என்ட பத்துப் பேர்ச்சையும் வித்தால் கணக்குச் சரியாம்."

அந்தப் பத்துப் பேர்ச் காணி, வாப்பா மௌத்தாகுவதற்கு முன் அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தது. ராத்தாவிடம் அவளுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது. ஆகவேதான் இம்மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு வாகனம் வந்து நிற்கிறது. பொறுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. ஹொண்டா வெசல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 2013 டிசம்பரில். 2014, 2015, 2016 என்று மூன்று வருடங்கள் அங்கே அதிகம் விற்பனையான எஸ்.யூ.வி. அதுதான். ரிக்கண்டிஷனில் நமது நாட்டுக்கும் வந்து குவிந்தது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2021 ஏப்ரலில் ஜப்பானில் வெசலின் வடிவம் அடியோடு மாறியபோது, இங்கே கதவு பூட்டிக் கிடந்தது. 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. அதனால் ஜப்பான்காரர்கள் நாலு வருடத்துக்கு முன்பே பேசி முடித்த முகத்தைப் பற்றி நம்மவர்கள் இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே 2024இல் கிரில்லை மறுபடியும் மாற்றிவிட்டார்கள் என்பது மச்சானுக்குத் தெரியாது.

நான் ராத்தாவிடம் ஒரு கேள்வி கேட்டேன்: இந்த வாகனத்தை யார் ஓட்டுகிறார்கள்? பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விடுவது, மாமியைக் கண்டிக்கு மருந்தெடுக்கக் கூட்டிப்போவது, சந்தை, மையித்து வீடு எல்லாமே அவள்தான். மச்சான் ஓட்டுவது ஜும்ஆவுக்கும் கல்யாணங்களுக்கும். அப்படியானால் வா, உள்ளே ஏறிப் பார்ப்போம் என்று புதியதன் சாவியை வாங்கினோம். மாமியும் ராத்தாவின் ஆறு வயது மகனும் கூடவே வந்தார்கள்.

ஏறி உட்கார்ந்ததும் ராத்தாவின் கை ஏசிக்குத்தான் போனது. பழைய வெசலில் ஏசியின் கட்டுப்பாடு முழுவதும் வழுவழுப்பான ஒரு கண்ணாடிப் பலகை. விரலால் தொட வேண்டும். பார்வைக்கு மிக அழகு. ஆனால் எந்த இடத்தைத் தொடுகிறோம் என்று விரலுக்குத் தெரியாது, கண்ணால் பார்த்தே தொட வேண்டும். அந்த நேரம் கண் தெருவில் இருக்காது. உலகம் முழுவதும் ஓட்டுபவர்கள் சொன்ன குறை இது. புதிய வடிவத்தில் பலகையை எடுத்துவிட்டுத் திருகும் குமிழ்களைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். ராத்தா தெருவைப் பார்த்தபடியே குமிழைத் திருகினாள். "டிக், டிக்" என்று கைக்கே தெரிந்தது. அவள் முகத்தில் அன்றைக்கு முதல் சிரிப்பு அப்போதுதான் வந்தது. எனக்கென்றால் முகத்தையும் விளக்கையும் விட இந்தக் குமிழ்தான் புதிய வடிவத்தின் பெரிய திருத்தம்.

காற்று வரும் வழியையும் மாற்றியிருக்கிறார்கள். முன் பலகையின் இரண்டு ஓரங்களிலும் தனியாக ஒரு துளை. அதைத் திருப்பிவிட்டால் காற்று முகத்தில் அறையாமல் பக்கவாட்டில் மெதுவாகப் போகிறது. குளிர் ஒத்துக்கொள்ளாத மாமிக்கு அது பிடித்துக்கொண்டது. உயர்ந்த ரகங்களில் பின்னால் இருப்பவர்களுக்கும் காற்றுத் துளை உண்டு. பழசில் அது இல்லை. கால் வைக்கும் இடமும் பின்னால் சற்றுக் கூடியிருக்கிறது. பழையது 1605 மில்லிமீற்றர் உயரம், இது 1590. சின்ன வித்தியாசம்தான், மாமி ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு மருமகனை இறக்கி, பின்கதவை நீயே திற மகன் என்றேன். அவனால் முடியவில்லை. வெசலின் பின்கதவுக் கைபிடி மற்ற வாகனங்களைப் போல நடுவில் இல்லை, கண்ணாடியோரத்துத் தூணுக்குள் உயரத்தில் ஒளிந்திருக்கிறது. இரண்டு கதவு வண்டி போல அழகாகத் தெரிய வேண்டும் என்று முதல் வடிவத்தில் செய்தது, புதியதிலும் அப்படியே இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் எட்டிக் குதிக்க வேண்டும். பிள்ளைகளோடு போகும் தாய் ஒவ்வொரு தடவையும் சுற்றிவந்து திறந்துவிட வேண்டும். கதவைப் பிள்ளை தானாகத் திறக்காதது பாதுகாப்புத்தானே என்று மச்சான் சொல்லக்கூடும். அதற்கு உள்ளே பிள்ளைப் பூட்டு இருக்கிறது.

பின்னிருக்கையைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். பெற்றோல் தாங்கியை முன்னிருக்கைகளுக்குக் கீழே வைத்திருப்பதால், பின்னிருக்கையின் அடிப்பகுதியை மேலே மடித்து நிறுத்தலாம். பூச்சாடி, உயரமான சட்டி, எதையும் நிமிர்த்தியே வைத்துக்கொண்டு போகலாம். ஆனால் இது பழையதிலும் உண்டு. அதற்காகப் புதியது வாங்கத் தேவையில்லை. பின்கதவு தானாகத் திறந்து, நாம் நடந்து விலகியதும் தானாக மூடிக்கொள்ளும் வசதி புதியதன் உயர்ந்த ரகங்களில் இருக்கிறது. இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது நல்ல உதவிதான். ஆனால் கூரை பின்னால் சரிந்து இறங்குவதால், டிக்கியில் உயரமாக எதையும் அடுக்க முடியாது.

டிக்கித் தட்டைத் தூக்கிப் பார்த்தோம். உதிரிச் சில்லு இல்லை. ஹைபிரிட் பற்றரி அந்தப் பக்கம் இடம் பிடித்துக்கொண்டிருக்கிறது. பழசும் அப்படித்தான். காற்றடிக்கும் சின்ன இயந்திரமும் ஒரு போத்தல் பசையும்தான் தருகிறார்கள். ஆணி குத்திய துளையை அந்தப் பசை அடைக்கும். ரயரின் பக்கம் கிழிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. பசைக்குக் காலாவதித் திகதியும் உண்டு, போத்தலைத் திருப்பிப் பாருங்கள். வெசல் வைத்திருக்கும் சகோதரிகள் இன்றைக்கே பாருங்கள்.

வானொலியில் ஜப்பான் அலைவரிசை, திரையில் ஜப்பான் எழுத்து. அதெல்லாம் கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

இனி இயந்திரம். இதில் எனக்குத் தெரிந்தது குறைவு. கராஜில் தொழில் பழகிய என் மகனிடம் கேட்டு எழுதுகிறேன். பழைய ஹைபிரிட்டில் 1.5 லீற்றர் எஞ்சினும் ஒரு மோட்டாரும் இரட்டைக் கிளட்ச் உள்ள ஏழு கியர்ப் பெட்டியும் இருக்கின்றன. நல்ல தெருவில் பெற்றோல் மிச்சம். 2022இல் கியூ.ஆர். முறை தொடங்கியபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான் கிடைத்தது, அப்போது ராத்தா வீட்டைக் காப்பாற்றியது இந்தச் சிக்கனம்தான். ஆனால் கடுகண்ணாவை ஏற்றத்தில் பெருநாள் நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்வதைத்தான் அந்தக் கிளட்ச் விரும்பாது. சூடேறும், உதறும். 2014இல் ஜப்பானிலேயே இந்தப் பெட்டியின் கட்டுப்பாட்டைத் திருத்துவதற்காக ஹொண்டா வாகனங்களைத் திரும்ப அழைத்தது. உங்கள் வாகனத்துக்கு அந்தத் திருத்தம் நடந்ததா என்பதைச் சாசி இலக்கத்தைக் கொண்டு அறியலாம். புதியதில் அந்தப் பெட்டியே இல்லை. மோட்டார் இரண்டு. ஊர்ந்து போகும்போது சில்லைச் சுற்றுவது மோட்டார்தான், எஞ்சின் பெரும்பாலும் மின்சாரம் உண்டாக்கிக் கொடுக்கும். வேகமாகப் போகும்போதுதான் எஞ்சின் நேராகச் சில்லோடு சேரும். ஏற்றத்திலும் நெரிசலிலும் இது மேல் என்று மகன் சொல்கிறான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். முன்னால் போவதைக் கண்டு தானாகப் பிரேக் பிடிப்பது, கோடு தாண்டினால் எச்சரிப்பது போன்றவை சேர்ந்த ஹொண்டா சென்சிங் வெசலுக்கு வந்தது 2016இல். ராத்தாவின் 2014 வாகனத்தில் அது இல்லை. பிள்ளைகளை ஏற்றிப் போகிறவளுக்கு இதை அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது.

ஆக, குமிழ், மோட்டார், சென்சிங் மூன்றும் உண்மையான முன்னேற்றம். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மச்சான் காணியை விற்கக் கேட்டது இந்த மூன்றுக்காக அல்ல. அவர் கேட்டது முகத்துக்காக. சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி, அதன் மேல் 18 வீதம் பெறுமதி சேர் வரி என்று ஏறிய விலையில், பத்துப் பேர்ச் காணியின் பெரும்பகுதி துறைமுகத்தைத் தாண்டும்போதே கரைந்துவிடும். மிச்சத்துக்கு வரும் வாகனமும் வருடா வருடம் விலை இறங்கும். ராத்தாவின் மகள் அடுத்த வருடம் உயர்தரம் எழுதுகிறாள். அந்தக் காணி யாருக்காகக் காத்திருக்கிறது என்பது ராத்தாவுக்குத் தெரியும்.

நான் அவளுக்குச் சொன்னது இவ்வளவுதான்: முதலில் பழசைக் கராஜுக்குக் கொண்டுபோய் கியர்ப் பெட்டியையும் ஹைபிரிட் பற்றரியையும் சோதித்து, எழுத்தில் வாங்கு. நல்லதென்றால் இன்னும் மூன்று வருடம் ஓடட்டும். கெட்டதென்றால் விற்று, மச்சானின் கடைக் கணக்குக்குத் தாங்கக்கூடிய வாகனமாகப் பாருங்கள். 2018க்குப் பிந்திய பழைய வடிவ வெசலென்றால் சென்சிங்கும் கிடைக்கும்.

இரவு வீடு திரும்பும்போது நான் பின்னால் இருந்தேன். ராத்தாதான் ஓட்டினாள். மச்சான் மெதுவாகக் கேட்டார்:

"எப்பிடி, புதுசின் முகம் பிடிச்சதா?"

"முகத்தை நான் பார்க்கல்ல. உள்ளுக்குத்தானே இருந்தேன்" என்றாள் ராத்தா. "திங்கட்கிழமை கராஜுக்கு நேரம் எடுத்துத் தாங்க. உறுதி என்ட அலுமாரியிலதான் இரிக்கிது, அது அங்கேயே இரிக்கட்டும்."

மச்சான் ஏசியைக் குறைக்கக் கையை நீட்டினார். இருட்டில் பலகையைத் தடவித் தடவித் தேடியும் சரியான இடம் அகப்படவில்லை.