படகில்லாதவன் பாதிக்கப்படாதவனா?

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. நாடெங்கிலுமிருந்து அரிசியும் துணியும் லாரி லாரியாக வந்து குவிந்தன. அள்ளிக் கொடுத்த கைகளை நாம் போற்றுகிறோம். ஆனால், வந்தது யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

படகு இழந்தவனுக்குப் படகு. வலை இழந்தவனுக்கு வலை. நியாயந்தான்! படகும் வலையும் என்றைக்குமே இல்லாதவனுக்கு? மீன்கூடை சுமந்தவர், உப்பளத் தொழிலாளி, உப்புநீர் புகுந்த வயலில் வேலையிழந்த விவசாயக் கூலி, இவர்களில் பலர் "பாதிக்கப்பட்டோர்" பட்டியலிலேயே ஏறவில்லை. பறிகொடுத்தது கூலியை, கூலிக்கு ஏது ரசீது? தாழ்த்தப்பட்ட மக்கள் சில முகாம்களில் ஒதுக்கி வைக்கப்பட்ட கொடுமையும் நடந்தது. அலை சாதி பார்க்கவில்லை. அரிசி மூட்டை பார்த்தது!

2005-இல் வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, குறைந்தபட்ச நிவாரண அளவை வகுக்கச் சொல்கிறது. 61-ஆவது பிரிவு, அதில் சாதி, மத, பால் வேற்றுமை கூடாதென்கிறது. ஆகவே, நிவாரணம் தருமமல்ல, உரிமை! ஆனால், சட்டம் தானே நடந்து சேரிக்கு வராது.

தோழர்களே! அடுத்த புயலில் மூட்டை தூக்குமுன் பட்டியலைக் கேளுங்கள். கூலிக்காரன் பெயர் அதில் இல்லையேல், அதை எழுதவைப்பதே நமது முதல் நிவாரணப் பணி!