படிப்பகச் சுவரில் ஓர் இடம்

கோவை வட்டாரப் படிப்பகங்களிலே தலைவர்தம் படங்கள் அணி அணியாய்த் தொங்குகின்றன, நன்று! சாக்கடைக் குழியிலே இறங்கியவனின் படம் எங்கே, தோழர்களே?

மதுரையிலே மீன் விற்கும் தாயொருவர் கடன்பட்டுக் காமிரா வாங்க வழி செய்தார், 2013-இல். மகன் எம். பழனிக்குமார் அன்று பொறியியல் மாணவர். மலக்குழியிலே மனிதனை இறக்குவதைத் தடுக்கும் சட்டம் டில்லியிலே பிறந்ததும் அதே ஆண்டுதான். சட்டம் ஏட்டிலே உறங்கிற்று; காமிரா உறங்கவில்லை! துப்புரவுத் தொழிலாளரை, குழியிலே மாண்டோரின் குடும்பங்களை அது தேடிச் சென்றது. 2017-இல் வெளிவந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவும் அவருடையதே. இரக்கம் கோரும் படங்களா அவை? அல்ல, ‘அப்படியேதும் இங்கில்லை’ என்று சாதிக்கும் அதிகாரியின் மேசைமீது வைக்கத்தக்க சாட்சியம்.

ஆலைத் தொழிலாளர் நிறைந்த நம் பகுதியிலே, அவற்றுள் ஒன்றையேனும் மாட்டலாகாதா? தலைவர்கள் சற்றே நகர்ந்து இடந்தருவார்கள், மறுக்கமாட்டார்கள்.