கதவோரத்துச் சைகை

தென்னை மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்ட ஓர் இளைஞர். மூன்றாவது வாரம், சாய்வு மேசையில் பெல்ட் போட்டு நிமிர்த்தும்போது பிசியோதெரபிஸ்டிடம் கேட்கிறார்: "எப்போ சார் நடப்பேன்?" கதவோரம் நிற்கும் அண்ணன் வேண்டாம் வேண்டாமென்று கையசைக்கிறார். "பயிற்சியை விடாம செய்யுங்க, பார்க்கலாம்" என்று பதில் வருகிறது. இரவில் அதே கேள்வி செவிலியரிடம். "எல்லாம் சரியாயிடும் தம்பி." காலை ரவுண்ட்ஸில் மருத்துவர் மாணவர்களோடு ஆங்கிலத்தில் பேசிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். பத்து நாள் கழித்து, இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் போடும்போதெல்லாம் சுவர்ப் பக்கமே விடச் சொல்கிறார் இளைஞர். அப்போதுதான் நாம் மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதுகிறோம்.

நம் வார்டுகளில் இது அன்றாடக் காட்சி. அந்தச் சீட்டுக்கான வேலை சாய்வு மேசையருகிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

அடிபட்ட முதல் சில நாட்களில் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்பது உண்மை. தண்டுவட அதிர்ச்சி விலக வேண்டும்; 72 மணி நேரத்துக்குப் பிறகு செய்யும் பரிசோதனையே ஓரளவு நம்பத் தகுந்தது. ஆனால் "இன்றைக்குத் தெரிவது இவ்வளவு, அடுத்த வாரம் மறுபடி பார்த்துச் சொல்கிறேன்" என்பதும் நேர்மையான பதில்தானே? மூன்று பேரிடம் மூன்று விதமாகக் கேட்டவர், நான்காவது நபரை நம்பமாட்டார்.

துக்கத்தை நோயாக எழுதிவிடும் அவசரமும் நம்மிடம் இருக்கிறது. தண்டுவடக் காயம் பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. அவர்களைத் தவறவிடக் கூடாது. மற்றவர்கள் அழுகிறார்கள், கோபப்படுகிறார்கள், சிலர் இரண்டுமில்லாமல் பயிற்சிக்குக் கிளம்புகிறார்கள். அழாதவரை 'மறுப்பு நிலை' என்று கேஸ் ஷீட்டில் எழுத வேண்டியதில்லை. துக்கத்தில் எல்லோரும் ஒரே படிவரிசையில் ஏறுவார்கள் என்பதற்குச் சான்று கிடையாது. நம் வினாப் பட்டியல்களும் ஏமாற்றும். தூக்கமில்லை, பசியில்லை, அசதி: இரவெல்லாம் திருப்பிப் போடப்படுபவர் வேறென்ன சொல்வார்? மகள் வந்தபோது முகம் மலர்ந்ததா, தன்னைச் சுமை என்கிறாரா, சாவைப் பற்றிப் பேசுகிறாரா என்று கேட்பதே பயன் தரும்.

இன்னொரு தருணம், சிறுநீர்க் குழாயைத் தானே போடக் கற்கும் காலை. அதைத் திரைச்சீலைகூட இழுக்காமல் கற்றுத் தருகிறோம். இல்லற வாழ்வு பற்றிய கேள்வி அப்போதுதான் நாக்கு நுனிவரை வரும். நாமாக எடுத்துப் பேசாவிட்டால் அந்தக் கேள்வியோடேயே வீட்டுக்குப் போவார்.

1954-இல் சாலை விபத்தில் இரு கால்களும் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வேலூரில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். அவரைப் போல அதே நாற்காலியில் இருப்பவர் கட்டிலருகே வந்து பேசினால் எட்டுகிற இடம், நம் ஆலோசனைக்கு எட்டாது. முன்பு சிகிச்சை பெற்றவர்களை வார்டுக்கு அழைக்கப் பெரிய செலவில்லை.

ஒரு சிறிய நடைமுறையைக் கேட்டுக்கொள்கிறோம். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் நோயாளிக்கு என்ன சொல்லப்பட்டது, யார் சொன்னார், எந்தச் சொற்களில் என்று தேதியோடு ஒரு வரி இருக்கட்டும். இரவுப் பணிக்கு வரும் செவிலியர் அதைப் படிக்கட்டும். கதவோரம் நிற்கும் அந்த அண்ணனை உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவருடைய பயம் என்னவென்று முதலில் கேட்போம்.