உறைந்த கருக்கள்: முடிவு யாருடையது?

குழந்தைப்பேறு சிகிச்சை பற்றி நம்முடைய கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. வசதியானவர்களின் பிரச்சினை என்று ஒதுக்கிவிடுகிறோம். தோழர்களே, வேலூரிலிருந்து ஆம்பூர் வரை ஒருமுறை பேருந்தில் போய்ப் பாருங்கள். கருத்தரிப்பு மையங்களின் விளம்பரம் இல்லாத ஊரே கிடையாது. அங்கே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். மகளிர் குழுக் கடன் எடுத்தவர்கள், தாலிச் செயினை அடகு வைத்தவர்கள் இருக்கிறார்கள். 'மலடி' என்ற சொல் ஊரிலும் சேரியிலும் ஒரே மாதிரிதான் குத்துகிறது. அதிலிருந்து தப்பிக்கக் கொடுக்கிற விலைதான் நம் மக்களுக்குக் கூடுதல்.

நான் பேச வந்தது சிகிச்சை முடிந்த பிறகு வருகிற ஒரு கேள்வியைப் பற்றி. ஐ.வி.எஃப் சிகிச்சையில் ஹார்மோன் ஊசி போட்டு ஒரே நேரத்தில் பல கருமுட்டைகளை முதிரவைத்து எடுக்கிறார்கள். ஆய்வகத்தில் விந்தணுவோடு சேர்த்துக் கருவாக்குகிறார்கள். அதில் ஒன்றோ இரண்டோ கருப்பைக்குள் வைக்கப்படும். மற்றவை திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறையவைக்கப்படும். குழந்தை பிறந்துவிட்டது, அல்லது இனி முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருக்கிற கருக்களை என்ன செய்வது?

2021-இல் நிறைவேறி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இனப்பெருக்க உதவித் தொழில்நுட்பச் சட்டம் இதற்கு விடை சொல்கிறது. அதிகபட்சம் பத்து ஆண்டுகள் சேமிக்கலாம். அதன் பிறகு அழிய விடவேண்டும், இல்லையென்றால் தம்பதியின் ஒப்புதலோடு பதிவுபெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். விற்பது குற்றம். குழந்தையில்லாத வேறொரு தம்பதிக்குக் கொடுக்கச் சட்டம் வழி வைக்கவில்லை.

ஏட்டில் பத்து ஆண்டு. ஆனால் தனியார் மையத்தில் கருவைச் சேமித்து வைக்க ஆண்டுதோறும் கட்டணம் கட்டவேண்டும். என் களப்பணியில் தெரிந்த ஒரு பெண், தோல் பொருள் கம்பெனியில் தையல் வேலை. பையன் பிறந்த பிறகு அவருக்கு மூன்று கருக்கள் மிச்சம் இருந்தன. கட்டணம் அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். முதல் வருடம் கடன் வாங்கிக் கட்டினார். அடுத்த வருடம் போன் வந்தபோது வேறு நம்பர் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று எடுக்கவே இல்லை. "நான் ஒண்ணும் முடிவு எடுக்கலக்கா. போனை எடுக்கல, அவ்வளவுதான்" என்றார். பிறகு மெதுவாக, "அதுக்கு உயிர் இருக்குமாக்கா?" என்று கேட்டார். இரண்டு வருடமாக அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க ஆள் இல்லை. மருத்துவமனையில் டாக்டரிடம் பேசக் கிடைத்த நேரம் ஐந்து நிமிடம், அதுவும் கணவரிடம்தான் பேசினார்களாம்.

தேர்வு, உரிமை என்றெல்லாம் பெண்ணிய வகுப்புகளில் படிக்கிறோமே, அது இவருக்கு எங்கே கிடைத்தது? கட்டணம் கட்ட முடிந்தவருக்குப் பத்து ஆண்டு யோசிக்க நேரம் உண்டு. முடியாதவருக்கு அடுத்த தவணை வரைதான்.

கையெழுத்து வாங்கியிருக்கிறோமே என்று மையங்கள் சொல்லும். உண்மைதான், எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் கருவை உறையவைக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. இருவரில் ஒருவர் இறந்தாலோ செயலிழந்தாலோ கருவை என்ன செய்வது என்றும் முன்கூட்டியே எழுதி வாங்கச் சொல்கிறது. கருப்பைக்குள் வைப்பதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்பதும் அதில் இருக்கிறது. இதெல்லாம் நல்ல விதிகள். ஆனால் நான் பார்த்த படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. சிகிச்சை தொடங்கும் நாளில், இருபது பக்கத்துக்கு நடுவில், பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். குழந்தை வேண்டும் என்ற ஒரே நினைப்போடு வந்தவரிடம் மிச்சத்தை என்ன செய்வது என்று அன்றைக்குக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவார். இன்னொன்று. சாவையும் செயலிழப்பையும் யோசித்த அந்தப் பிரிவு, கணவன் விட்டுவிட்டுப் போனால் என்ன என்பதைப் பேசவில்லை. நம் தெருக்களில் எது அதிகம் நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஆராய்ச்சிக்குக் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. 1978 அக்டோபரில் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் பிறந்த இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை, உறையவைத்த கருவிலிருந்துதான் பிறந்தது. அவரை அன்றைய அரசும் மருத்துவ உலகமும் நம்ப மறுத்து அவமதித்தன. 1981-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அறிவியலுக்கு நாம் எதிரிகள் அல்ல. ஆனால் 'ஆராய்ச்சி' என்று எழுதிய தாளில் நம் மக்கள் பெயரில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்ற வரலாறும் இருக்கிறது. 2009-இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்குச் சோதனைத் திட்டமாக எச்.பி.வி தடுப்பூசி போட்டபோது, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று யாருடைய உடலைப் பார்த்தால் தோன்றுகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

மாணவர்களிடம் பேசும்போது உடனே வருகிற கேள்வி: "குழந்தை இல்லாத இன்னொருவருக்குக் கொடுக்கலாமே அக்கா, சட்டம் ஏன் விடவில்லை?" நியாயமான கேள்விதான். ஆனால் கருமுட்டையோ விந்தோ கொடுப்பவர் என்ன சாதி என்று தம்பதிகள் கேட்பதைப் பற்றிப் பத்திரிகைகளில் பலமுறை செய்தி வந்திருக்கிறது. 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில் புரட்சியாளர் அம்பேத்கர், அகமணம்தான் சாதியைச் சாதியாக வைத்திருக்கிறது என்று காட்டினார். கணவனை இழந்து 'உபரி' ஆகிவிட்ட பெண்ணை என்ன செய்வது என்ற கேள்விக்குச் சாதி கண்டுபிடித்த விடைகள்தான் உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் என்றார். நூறு ஆண்டு கழித்து ஆய்வகத்துக்குள்ளேயும் அதே அகமணம் ஜாதகத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறது. நம் பெண்ணின் மிச்சக் கருவை எத்தனை பேர் மனதார வாங்கிக்கொள்வார்கள்? வாங்கினாலும் மூடிமறைத்துத்தான் வாங்குவார்கள். இன்னொரு பக்கம், கொடு என்று அழுத்தம் வருவதும் கடனில் இருக்கிற நம் பெண்ணுக்குத்தான். கருமுட்டைக் கொடையாளர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்கவேண்டும், வாழ்நாளில் ஒருமுறைதான் கொடுக்கலாம் என்கிறது இந்தச் சட்டம். அது நடைமுறைக்கு வந்த அதே 2022-இல்தான், ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம் போலி ஆதார் காட்டிப் பலமுறை கருமுட்டை எடுத்து விற்றது வெளியே வந்தது. பெற்ற தாயே கைதானார்.

அதற்காக அந்தக் கதவை என்றைக்கும் மூடியே வைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. திறக்கிற அன்று படிவத்தில் சாதிக்கு ஒரு கட்டம்கூட இருக்கக் கூடாது, பணம் கைமாறக் கூடாது. இந்த இரண்டுக்கும் உறுதி இல்லாமல் 'கொடை' என்ற அழகான சொல்லை நம்ப நான் தயாரில்லை.

மிச்சம் இருப்பது அழிய விடுவது. இதைப் பாவம் என்று பெண்கள் மனதில் ஏற்றியிருக்கிறார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநில உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உறைந்த கருக்களையும் குழந்தைகள் என்றே தீர்ப்பு சொன்னது. சில மையங்கள் பயந்துபோய் சிகிச்சையையே நிறுத்திவைத்தன. நமக்கு அந்தப் பாதை வேண்டாம். இயற்கையாக உருவாகும் கருக்களிலேயே கணிசமானவை கருப்பையில் பதியாமலே போய்விடுகின்றன. ஆய்வகத்தில் சில நாள் வளர்ந்த கரு என்பது சில செல்கள், அதிகம் போனால் நூறு, இருநூறு செல்கள். அதற்கு வலி தெரியாது. அந்தத் தையல்காரப் பெண்ணிடம் நான் இதைத்தான் சொன்னேன். அழுதார். அழுவதும் தப்பில்லை என்றேன். போதும் என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு முழு உரிமை உண்டு. அதைப் போனை எடுக்காமல் ஒளிந்துகொண்டு செய்யவேண்டிய நிலைமைதான் அநியாயம்.

அதனால் கேட்கவேண்டியதைக் கேட்போம். படிவம் தமிழில் வேண்டும், வாசித்துக் காட்ட ஆள் வேண்டும். மிச்சக் கரு பற்றிய ஒப்புதலை முதல் நாளில் வாங்காமல், சிகிச்சை முடிந்த பிறகு தனியாக, மனைவியிடம் தனியே பேசி வாங்கவேண்டும். சேமிப்புக் கட்டணம் எவ்வளவு என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். அரசு மையங்களில் அந்தக் கட்டணமே கூடாது. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் இப்போது அரசின் கருத்தரிப்பு மையம் இருக்கிறது. அங்கே எந்த மொழியில், எந்த நாளில், யாரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுவதற்குப் பத்து ரூபாய்தான் செலவு. சட்டமும் சமூகப்பணியும் படிக்கிற தோழர்கள் இரண்டு பேர் முன்வந்தால் இந்த மாதமே எழுதிவிடலாம்.