மலையோடை மீனும் வாவிக் கொடுவாவும்

நீருக்கேற்ற மீன் என்பது இயற்கை வகுத்த நியதி. குளிர்ந்து தெளிந்தோடும் ஓடைகளை விரும்பி வாழ்வது ‘ட்ரவுட்’ என்னும் மீன். ஐரோப்பாவுக்குரிய இம்மீனை ஆங்கிலேயர் 1880-களில் நுவரெலியாப் பகுதி ஓடைகளிற் கொணர்ந்து விட்டனர். அக்குளிர்ந்த மலைநாட்டை விட்டு, நம் மட்டக்களப்பு வாவியில் அது வாழ்தல் இயலாது. நீர் வெப்பமடைய, அதிற் கரைந்துள்ள பிராணவாயு குறையும். ட்ரவுட்டுக்கோ அவ்வாயு மிகுதியாக வேண்டும்.

ஆயினும், அம்மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்போரிடம் நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. மேலைநாடுகள் பலவற்றில், குறித்த அளவிற் சிறிய மீன் அகப்படின் அதனை மீண்டும் நீரில் விடுவர். முட்டையிடும் காலத்தில் தூண்டிலைத் தொடார். இன்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டால் நாளை ஓடை வெறுமையாகும் என்பது சிற்றோடையிற் கண்கூடு.

நமது வாவியோ 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டது. காண்போர்க்கு அது குறையாத களஞ்சியமாகத் தோன்றும். அத்தோற்றத்தை நம்புதல் தகாது. கொடுவா மீனையே எடுத்துக்கொள்வோம். ட்ரவுட் முட்டையிட ஓடையின் மேற்புறம் ஏறிப் பரற்கற்களிடையே குழி பறிக்கும். கொடுவாவோ உவர் மிகுந்த முகத்துவாரத்தை நோக்கி இறங்கும். அதன் குஞ்சுகள் வாவிக்குட் புகுந்து கண்டல் வேர்களிடையே வளரும். மற்றுமொரு விந்தை: கொடுவாக்களிற் பெரும்பாலானவை முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழிந்து பருத்த பின்னரே பெண்ணாகின்றன. ஆகவே குஞ்சுகளை வாரினால் நாளைய தாய்களை இழக்கிறோம். பெரியவற்றை முற்றாகப் பிடித்தால் இன்றைய தாய்களை இழக்கிறோம்.

வாவியை நம்பி உலை வைக்கும் குடும்பங்கள் பல. பசிக்காக நுண்கண் வலை இழுப்பவனைக் குறைகூறுதல் எளிது. அவன் பிடித்த குஞ்சுகளை மலிவென்று சந்தையில் வாங்குவோர் யார்? நாமல்லவா? சட்டம் வலையைத் தடுக்கலாம். வாங்கும் கையைத் தடுக்க அறிவே வேண்டும்.

இயல்பிலே சிறிய மீன் வேறு. பெரிதாக வேண்டிய மீனின் குஞ்சு வேறு. இவ்வேறுபாட்டை அறிந்துகொள்ளுமாறு கல்லூரியில் நம் மாணவர்க்குச் சொல்லி வருகிறோம். விலங்கியற் பாடநூலோடு ஒருநாள் காலையிலே மீன்சந்தைக்குப் போய்வருதல் நன்று. கூடையிலுள்ளது எந்த மீன், அது எத்துணை வளர வல்லது என்று வினவுங்கள். கேட்டறிந்த பிள்ளை வீட்டிலே தாயிடம் சொல்லும். தாய் அடுத்தமுறை குஞ்சை வாங்காது விடுவாள். வாவியைக் காக்கும் பணி அவ்வடுக்களையிலே தொடங்கட்டும்.